பழைய புல்லட்டில் கரண்ட் வரவில்லையா? முதலில் ஆம்பியர் மீட்டரின் முள்ளைப் பாருங்கள்

வண்டி கிக்குக்கு மசியவில்லை என்றால் நம்மூரில் ஒரு வரிசை உண்டு. முதலில் பிளக்கை மாற்றுவார்கள். சரிவரவில்லை என்றால் பிளாட்டினம், அதாவது கரண்டை மூடித் திறக்கும் பாயிண்ட். அடுத்து கண்டென்சர், கடைசியில் காயில். நான்கும் புதிதாக வந்த பிறகும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அல்லது அன்றைக்கு ஓடிவிட்டு அடுத்த மழைக்கு மறுபடியும் நின்றுவிடும். பாகம் கெட்டுப்போவதே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் பழைய புல்லட்டில் பாகங்களைவிட, பாகங்களுக்கு நடுவில் இருக்கும் இணைப்புகள்தான் அடிக்கடி கெடுகின்றன. களிம்பு பிடித்த கனெக்டர், தளர்ந்த நட், எர்த் ஒயரின் அடியில் பெயின்ட், தேய்ந்த கீ ஸ்விட்ச் ஆகியவற்றில் எதுவும் புதுக் காயில் வாங்கினால் சரியாகாது.

ஆகவே அளக்க வேண்டும். அளப்பதற்கான முதல் கருவி ஹேண்டில்பாருக்கு நடுவில் உங்களைப் பார்த்தபடியே இருக்கிறது. அதுதான் ஆம்பியர் மீட்டர். அதைச் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்கும் பொருளாக மட்டும் நினைக்கிறவர்கள்தான் அதிகம். ஸ்டார்ட் ஆகாத வண்டியில் அது சொல்கிற அளவுக்குத் தெளிவாக வேறெதுவும் சொல்வதில்லை.

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. 70 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 346 சி.சி. என்ற அதே அளவோடு திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் புல்லட் 350 தயாரானது. இந்தக் கட்டுரை பேட்டரி, காயில், பாயிண்ட் மூன்றையும் கொண்ட 12 வோல்ட் கிக்கர் புல்லட்டைப் பற்றியது. பேட்டரி இல்லாமலே பொறிக்குக் கரண்ட் தரும் மேக்னெட்டோ வைத்த மிகப் பழைய வண்டிகளுக்கும், பாயிண்டே இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டிகளுக்கும் இந்த முறை அப்படியே பொருந்தாது. 6 வோல்ட் வண்டி என்றால் முறை ஒன்றுதான், எண்கள் மாறும்.

கரண்ட் போகும் வழி

பேட்டரியில் கிளம்பும் கரண்ட் ஃபியூஸ், ஆம்பியர் மீட்டர், கீ ஸ்விட்ச் வழியாகக் காயிலின் ஒரு முனைக்கு வருகிறது. காயிலின் மறுமுனையிலிருந்து ஓர் ஒயர், சிலிண்டருக்குப் பின்னால் வலப்பக்கம் இருக்கும் டிஸ்டிரிபியூட்டருக்குள் போய்ப் பாயிண்டில் சேர்கிறது. பாயிண்ட் மூடியிருந்தால் கரண்ட் எஞ்சின் உடம்பில் இறங்கி, எர்த் ஒயர் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும். அப்போது காயிலுக்குள் காந்தப்புலம் உருவாகி நிற்கும். எஞ்சினோடு சுழலும் கேம் பாயிண்டைத் திறந்ததும் கரண்ட் அறுபடுகிறது, காந்தப்புலம் சட்டென்று சரிகிறது, காயிலின் உள் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழும்பிப் பிளக்கில் பொறியாகத் தாவுகிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: பாயிண்ட் மூடும்போது பொறி வருவதில்லை, திறக்கும்போதுதான் வருகிறது. நன்றாக மூடினால்தான் சேமிப்பு, சுத்தமாகத் திறந்தால்தான் பொறி. இக்னிஷன் கோளாறு எதுவானாலும் இந்த இரண்டில் ஒன்று கெட்டிருக்கும்.

12 வோல்ட் காயிலின் முதல் சுற்றில் மின்தடை சுமார் 3 முதல் 4 ஓம். 3.5 ஓம் என்று வைத்துக்கொண்டால் 12.6 வோல்ட்டுக்கு 3.6 ஆம்பியர் ஓடும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். முள் காட்ட வேண்டிய அளவு இதுதான்.

முள் சொல்லும் ஐந்து பதில்கள்

ஹெட்லைட், பைலட் லைட் எல்லாவற்றையும் அணையுங்கள். பிளக்கைக் கழற்றுங்கள், எஞ்சின் எளிதாகச் சுழலும். கழற்றிய பிளக்கைக் கேப்போடு சேர்த்துச் சிலிண்டர் ஹெட்டின் இறக்கையில் அழுத்தமாகத் தொடும்படி வைக்க வேண்டும். பிளக் துளைக்கு அருகில் வேண்டாம், அங்கே பெட்ரோல் ஆவி இருக்கும். துளையைத் துணியால் மூடிவிடுங்கள். பிளக் கேப்பை வெறுமனே தொங்கவிட்டுக் கிக் அடிக்கவே கூடாது. போக வழியில்லாத பல்லாயிரம் வோல்ட் காயிலின் உள் இன்சுலேஷனை உடைத்துக்கொண்டு போகும்.

கீயைப் போட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். கால் வேண்டாம், வேகமும் வேண்டாம். முள்ளை மட்டும் பாருங்கள்.

முள் நடுவிலிருந்து மைனஸ் பக்கம் மூன்று நான்கு ஆம்பியர் விழுந்து, எஞ்சின் சுழலச் சுழல நடுவுக்குத் திரும்பி, மறுபடி விழுந்தால் பேட்டரி முதல் பாயிண்ட் வரை வழி சரியாக இருக்கிறது. விழுவது பாயிண்ட் மூடுவதைக் காட்டுகிறது, நடுவுக்குத் திரும்புவது திறப்பதைக் காட்டுகிறது. இவ்வளவும் நடந்து பிளக்கில் பொறி இல்லை என்றால் கண்டென்சர், காயிலின் உள் சுற்று, பிளக்குக்குப் போகும் ஹெச்.டி. ஒயர், கேப், பிளக் ஆகியவற்றோடு தேடலை நிறுத்திக்கொள்ளலாம்.

முள் நடுவிலேயே அசையாமல் நின்றால் கரண்டே ஓடவில்லை. செத்த பேட்டரி, எரிந்த ஃபியூஸ், கீ ஸ்விட்ச், அறுந்த ஒயர், அறுந்த காயில், ஒன்றையொன்று தொடாத அல்லது எண்ணெய் படிந்த பாயிண்ட் என எதுவாகவும் இருக்கலாம். முடிவு கட்டும் முன் பிரேக்கை மிதியுங்கள். பிரேக் லைட் எரிந்தும் முள் அசையவில்லை என்றால் மீட்டரே சந்தேகத்துக்குரியது.

மைனஸிலேயே ஒட்டிக்கொண்டு, எஞ்சின் சுற்றினாலும் நடுவுக்குத் திரும்பாவிட்டால், பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது திறந்தும் கரண்ட் வேறு வழியில் எர்த் ஆகிறது. புதுப் பாயிண்ட் போட்ட கையோடு வண்டி செத்துப்போனால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். பாயிண்டின் அசையும் கையையும் ஒயரையும் தாங்கும் போல்ட்டில் சிறு ஃபைபர் வாஷர்கள் இருக்கும். அவற்றின் வரிசை மாறினாலோ ஒன்று கீழே விழுந்துவிட்டாலோ ஒயர் நேராக எர்த் ஆகிவிடும். கழற்றும்போதே வரிசையைப் போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. வாஷர் சரி என்றால் பாயிண்ட் இடைவெளி, டிஸ்டிரிபியூட்டர் ஓரத்தில் தோல் உரிந்த ஒயர், உள்ளே ஷார்ட் ஆன கண்டென்சர் என்ற வரிசையில் பாருங்கள்.

நான்காவது பதில், முள் விழுந்து எழுகிறது, ஆனால் ஓர் ஆம்பியருக்கு மேல் விழுவதில்லை. வழியில் தடை இருக்கிறது. இதை அடுத்த பகுதியில் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது இதுதான்.

ஐந்தாவது: கீ போட்டதும் முள் கடைசி வரை பாய்ந்து மோதுகிறது. உடனே கீயை அணையுங்கள். ஸ்விட்சுக்குப் பிறகு எங்கோ நேர் ஷார்ட். அதற்குப் பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்ப்பவர்கள் ஒயரிங்கையே எரித்துவிடுவார்கள்.

மீட்டரைப் பற்றி இன்னொன்று. பேட்டரி கரண்ட் அதன் வழியாகப் போவதால், அதன் பின்பக்க நட்டுகள் தளர்ந்தால் வண்டியே திடீர் திடீரென்று செத்து உயிர்க்கும். ஒரு சிலிண்டர் புல்லட்டின் அதிர்வில் அவை தளர்வது இயல்பு. ஹெட்லைட் வளையத்தைக் கழற்றினால் கைக்கு எட்டும். பேட்டரி ஒயரை எடுத்துவிட்டுத்தான் அங்கே ஸ்பேனரை நுழைக்க வேண்டும்.

பாயிண்ட் மூடியிருக்கும்போது அளங்கள்

“காயிலுக்கு 12 வோல்ட் வருது, பார்த்துட்டேன்” என்பார்கள். பார்த்தபோது பாயிண்ட் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? திறந்திருந்தால் கரண்ட் ஓடவில்லை. கரண்ட் ஓடாதபோது எவ்வளவு களிம்பு பிடித்த இணைப்பும் முழு வோல்ட்டையும் காட்டும், ஒற்றை இழையில் தொங்கும் ஒயரும் காட்டும். சுமை ஏறும்போதுதான் அதன் லட்சணம் தெரியும். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் கூட இந்த ஓர் இடத்தில் வழுக்குவதால்தான் நல்ல காயில்கள் குப்பைக்குப் போகின்றன.

முள் மைனஸில் இருக்கும் இடத்தில் எஞ்சினை நிறுத்துங்கள், அதாவது பாயிண்ட் மூடிய நிலை. அளவெடுக்கும் நேரம் மட்டும் கீ போட்டால் போதும். ஓடாத எஞ்சினில் கீ போட்டபடி விட்டால் காயிலுக்குள் சுமார் 45 வாட் வெப்பமாகிறது. 5 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றரை மணி நேரத்துக்குள் காலியாகிவிடும்.

பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். இங்கே மைனஸ் எர்த் என்று வைத்துச் சொல்கிறேன். பிளஸ் எர்த் வண்டியில் புரோபுகளை மாற்றிப் பிடித்தால் எண்கள் இவையேதான்.

மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்துப் பேட்டரி முனைகளிலேயே அளங்கள். சில மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி 12.6 காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, 11.9-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றாமல் மேலே போக வேண்டாம். 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர் வீதம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஏற்றுங்கள். அவசரத்துக்கு அதிக ஆம்பியரில் ஏற்றினால் தகடு கெடும். பாயிண்ட் மூடியதும் 12.6-லிருந்து 11-க்கு விழுகிற பேட்டரி சல்பேட் பிடித்தது. அது பைலட் லைட்டை எரிய வைக்கலாம், ஆனால் காயிலுக்கு உதவாது.

அடுத்து, கருப்புப் புரோபு பேட்டரி மைனஸில், சிவப்பு காயிலின் வரும் முனையில். பேட்டரியில் படித்ததைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் குறைந்தால் சிவப்புப் புரோபைப் பின்னோக்கி நகர்த்துங்கள். கீ ஸ்விட்சின் வெளிவரும் முனை, உள்நுழையும் முனை, ஆம்பியர் மீட்டரின் இரு முனைகள், ஃபியூஸின் இரு முனைகள். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் வோல்ட் சட்டென்று ஏறுகிறதோ அங்கேதான் தடை. ஃபியூஸ் ஹோல்டரும் கீ ஸ்விட்சும் முதல் சந்தேகங்கள். கண்ணாடி ஃபியூஸின் மூடிக்கும் கம்பிக்கும் நடுவில் வரும் தளர்வு கண்ணுக்குத் தெரியாது. அளக்கும்போதே ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுவதும் திருப்புங்கள். எண் துள்ளினால் ஸ்டியரிங் கழுத்தருகே மடிந்து மடிந்து ஒயருக்குள் செம்பு அறுந்திருக்கிறது. மேல் தோல் முழுதாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மூன்றாவது அளவைத்தான் யாரும் எடுப்பதில்லை, அதிகம் சொல்வதும் அதுதான். சிவப்புப் புரோபைக் காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் முனையில் வையுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். முக்கால் வோல்ட், ஒரு வோல்ட் இருந்தால் பாயிண்ட் முகம் அழுக்கு, அல்லது எர்த் வழி மோசம். எதுவென்று பிரிக்க, கருப்புப் புரோபைப் பேட்டரியிலிருந்து எடுத்து எஞ்சினின் சுத்தமான உலோகத்தில் வையுங்கள். அளவு அப்படியே இருந்தால் பாயிண்ட் பக்கம், குறைந்துவிட்டால் எர்த் ஒயர். இப்போது ஒரு காகிதத் துண்டைப் பாயிண்டுகளுக்கு நடுவில் நுழைத்து வையுங்கள். அதே முனையில் பேட்டரி வோல்ட் முழுவதும் வர வேண்டும். பூஜ்யமாகவே இருந்தால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்ட் பக்கம் ஷார்ட். முள் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்: நடுவில் நின்றால் காயில், மைனஸில் நின்றால் ஷார்ட்.

அரை ஓம் தடையால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். காயிலில் சேரும் ஆற்றல் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 3.5 ஓம் காயிலோடு வழியில் அரை ஓம் சேர்ந்தால் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடுகிறது. ஓர் ஓம் சேர்ந்தால் 40 சதவீதம் போகும். வெளியில் பிடித்த பிளக்கில் அப்போதும் பொறி தெரியும். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தாவுவதற்குத்தான் வலு போதாது. “பொறி வருது, ஆனா வண்டி எடுக்க மாட்டேங்குது” என்ற புகாரில் பெரும்பகுதி இதுதான்.

மல்டிமீட்டர் கையில் இல்லாமல் வழியில் நின்றுவிட்டால், பேட்டரி பிளஸ்ஸிலிருந்து காயிலின் வரும் முனைக்கு ஃபியூஸ் வைத்த ஒரு தனி ஒயரைக் கொடுத்துப் பாருங்கள். வண்டி எடுத்துக்கொண்டால் கோளாறு நடுவழியில். இந்த நிலையில் கீயைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது, ஒயரைப் பிடுங்கினால்தான் நிற்கும்.

இணைப்புகளைச் சரிசெய்வதில் சுருக்கு வழி இல்லை. ஒவ்வொரு கனெக்டரையும் பிரித்து, பச்சைக் களிம்பைச் சுரண்டி, தளர்ந்த ஸ்லீவை இறுக்கி, மேலே சிறிது வாசலின் தடவுங்கள். எஞ்சினுக்கும் பேட்டரி எர்த் முனைக்கும் நேராக ஒரு தடித்த ஒயர் கூடுதலாகப் போடுவது மிக மலிவான, மிகப் பயனுள்ள வேலை. பவுடர் கோட்டிங் அடித்துப் புதுப்பித்த வண்டிகளில் இது கட்டாயம். பளபளவென்று பூசிய பெயின்ட், போல்ட் வழியாகப் போய்க்கொண்டிருந்த எர்த்தை மறித்துவிடுகிறது.

பாயிண்டும் கண்டென்சரும்

பாயிண்ட் முகம் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தால் அது ஆரோக்கியமான பாயிண்ட். எண்ணெய்ப் பிசுக்கு, கருநீலக் கரி, ஒரு பக்கம் முகடும் மறுபக்கம் குழியும் ஆகியவை கெட்ட குறிகள். லேசான அழுக்குக்கு மெல்லிய பாயிண்ட் அரத்தால் இரண்டு இழுப்பு போதும். எமரி பேப்பர் போட்டால் அதன் துகள் பதிந்து அதுவே இன்சுலேட்டர் ஆகிவிடும். தேய்த்த பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த கெட்டிக் காகிதத்தை நடுவில் வைத்து இழுங்கள், காகிதம் சுத்தமாக வரும்வரை. பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பாயிண்டுக்கும் இதைச் செய்ய வேண்டும். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயோடுதான் அது வருகிறது.

கேம் பாயிண்டை அதிகபட்சம் திறந்த இடத்தில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை நுழைய வேண்டும். 0.35 லேசாக உரசிக்கொண்டு போகும்படி வைத்து ஸ்க்ரூவை இறுக்கி, இறுக்கிய பிறகு மறுபடி அளங்கள், ஏனென்றால் இறுக்கும்போது தட்டு நகரும். கேமைத் தொடும் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும், டைமிங்கும் பின்தங்கும். அதனால்தான் கேமுக்கு எண்ணெய் கொடுக்கும் ஃபெல்ட்டில் ஓரிரு சொட்டு விட வேண்டும். அதிகம் விட்டால் அது பாயிண்ட் முகத்துக்குத் தெறிக்கும். புதுப் பாயிண்ட் முதல் 500 கி.மீ.யில் வேகமாகத் தேய்ந்து அமரும். அதற்குள் ஒருமுறை அளந்தே ஆக வேண்டும். மலிவான பாயிண்டில் ஃபைபர் மென்மையாக இருக்கும், மாதக் கணக்கில் கூடத் தாங்காது. சென்னையில் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ வாங்கும்போது பழைய இருப்பில் நல்ல செட் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்து வாங்கலாம், தப்பில்லை.

இடைவெளி வைத்தவுடன் பிளக்கை எஞ்சினில் தொடும்படி வைத்து, பாயிண்ட் மூடிய நிலையில் கீ போட்டு, ஒரு மரக்குச்சியால் பாயிண்டைத் திறந்து திறந்து பாருங்கள். ஒவ்வொரு திறப்புக்கும் நீலப்பொறி வர வேண்டும். இதற்குக் கிக் அடிக்கவே தேவையில்லை. வரவில்லை என்றால் பாயிண்டுகளுக்கு நடுவில் காகிதம் வைத்துவிட்டு, காயிலின் பாயிண்ட் முனையில் ஓர் ஒயரை மாட்டி அதன் மறுமுனையை எஞ்சினில் தொட்டுத் தொட்டு எடுங்கள். எடுக்கும்போது பிளக்கில் பொறி வந்தால் காயில் நன்றாக இருக்கிறது, குற்றம் பாயிண்டில்.

கண்டென்சர் என்ன செய்கிறது என்று தெரிந்தால் அதன் கோளாறை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பாயிண்ட் திறக்கும் நொடியில் கரண்ட் நிற்க மறுக்கும், இடைவெளியைத் தாண்டிப் பாயப் பார்க்கும். அந்தக் கண நேரத்துக்கு அதற்கு ஒதுங்க இடம் கொடுப்பது கண்டென்சர். 0.2 மைக்ரோஃபாரட் அளவுள்ள சின்ன உருளைதான். அது இல்லாவிட்டால் கரண்ட் பாயிண்டிலேயே வெல்டிங் போல எரிந்து மெதுவாகச் சாகும், காந்தப்புலமும் மெதுவாகச் சரியும், பிளக்கில் மெலிந்த மஞ்சள் பொறிதான் மிஞ்சும். பாயிண்டில் பெரிய வெள்ளைப் பொறியும் பிளக்கில் நோஞ்சான் பொறியும் சேர்ந்து வந்தால் கண்டென்சர் அறுந்திருக்கிறது. பாயிண்ட் திறந்தும் முள் மைனஸிலேயே இருந்து, கண்டென்சர் ஒயரை எடுத்ததும் நடுவுக்கு வந்தால் கண்டென்சர் ஷார்ட்.

கஷ்டம் கொடுப்பது மூன்றாவது வகை. குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்து, எஞ்சின் சூட்டில் கைவிடும். இருபது முப்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு படபடத்து நின்று, ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காதது போல எடுத்துக்கொள்ளும் வண்டியில் இதையும் காயிலையும் சந்தேகியுங்கள். இரண்டில் எது என்று பிரிப்பது எளிது. பழைய கண்டென்சர் ஒயரைக் கழற்றிவிட்டு, பாயிண்ட் வைத்த எந்தக் காரின் கண்டென்சரையாவது வெளியில் மாட்டுங்கள். அதன் ஒயர் காயிலின் பாயிண்ட் முனைக்கு, உலோக உடம்பு ஃபிரேமில் சுத்தமான இடத்துக்கு. அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் பழுதில்லாமல் ஓடும். பலர் அதை டேங்குக்கு அடியில் நிரந்தரமாகவே வைத்துவிடுகிறார்கள். எஞ்சின் சூட்டிலிருந்து விலகியிருப்பதால் அது நீண்ட நாள் உழைக்கிறது. கண்டென்சர் மாற்றியும் சூட்டில் நின்றால் காயில்தான். சூடாக இருக்கும்போதே அதன் மின்தடையை அளங்கள். குளிர்ந்தபின் அளந்தால் சரியாகவே காட்டும்.

காயிலை மாற்றும்போது இரண்டு கவனம். 6 வோல்ட் காயிலின் தடை அரைவாசிதான், அதை 12 வோல்ட்டில் போட்டால் கொதித்துச் சாகும். அடுத்து, முனைகள் மாறக் கூடாது. லூகாஸ் வகைக் காயிலில் எஸ்.டபிள்யூ. என்பது ஸ்விட்சுக்கு, சி.பி. என்பது பாயிண்டுக்கு. மாற்றிப் போட்டாலும் ஓடும். ஆனால் பிளக்குக்குக் கூடுதல் வோல்ட் தேவைப்படும், அந்தக் குறை குளிர்ந்த காலையில் கிக் அடிக்கும்போது தெரியும்.

பிளக் பக்கம்

பிளக் இடைவெளி 0.5 முதல் 0.6 மி.மீ. வரை. பெட்ரோலில் நனைந்து கறுத்த பிளக்கைத் துடைத்துப் போடுவதைவிட நன்றாக இருப்பதாகத் தெரிந்த ஒன்றை மாட்டுவது மேல். காயிலின் உண்மையான வலுவைப் பார்க்க, கேப்பைக் கழற்றி ஹெச்.டி. ஒயரின் நுனியை இன்சுலேஷன் உள்ள குறடால் பிடித்து எஞ்சின் இறக்கையிலிருந்து 5, 6 மி.மீ. தள்ளி வையுங்கள். சடக் சடக்கென்று சத்தத்தோடு நீலமாகத் தாவ வேண்டும். ஒயரில் வந்து கேப்பில் வராவிட்டால், ஒயர் நுனியைக் கால் அங்குலம் வெட்டிவிட்டுக் கேப்பைப் புதிதாகத் திருகுங்கள். மழையில் மட்டும் நிற்கும் வண்டியை இருட்டில் ஓடவிட்டு ஹெச்.டி. ஒயர் மேல் தண்ணீரைத் தூறலாகத் தெளித்தால் ஒழுகும் இடத்தில் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும்.

கிக்கர் திருப்பி அடித்தால்

இது பொறி இல்லாத கோளாறு அல்ல, நேரம் தவறிய பொறி. ஆனால் கணுக்காலை உடைக்கக் கூடியது என்பதால் சொல்லாமல் விட முடியாது. டிஸ்டிரிபியூட்டருக்குள் வேகத்துக்கேற்ப பொறியை முன்தள்ளும் எடைகளும் சிறு ஸ்பிரிங்குகளும் உண்டு. துருப்பிடித்து எடைகள் விரிந்தபடியே சிக்கிக்கொண்டால் நின்றிருக்கும் எஞ்சினுக்கும் ஓடும் எஞ்சினுக்கான பொறிதான் வரும். கேமைக் கையால் முறுக்கிவிட்டுப் பாருங்கள், உடனே ஸ்பிரிங் இழுத்துத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் பிரித்துச் சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய். டைமிங், புல்லட் 350-க்கு எடைகள் சுருங்கிய நிலையில், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பாகப் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்கும் கணத்தை அறிய, காயிலின் பாயிண்ட் முனைக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு சின்ன 12 வோல்ட் பல்பை மாட்டுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் அணைந்திருக்கும், திறந்ததும் எரியும். இடைவெளியைச் சரிசெய்த பிறகுதான் டைமிங். வரிசையை மாற்றினால் இரண்டும் கெடும்.

கிக் அடிக்கும் முறைக்கும் முள்தான் வழிகாட்டி. கீ போட்டு, கம்ப்ரஷன் இறுகும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, முள் மைனஸிலிருந்து நடுவுக்கு வரும்வரை மட்டும் நகர்த்துங்கள். பிஸ்டன் அப்போது உச்சியை ஒட்டி இருக்கும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே நீள மிதி.

யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1985-இல் வந்த அந்த வண்டியில் பாயிண்ட் கிடையாது. பாயிண்டின் வேலையைச் செய்யும் சி.டி.ஐ. என்ற எலக்ட்ரானிக் பெட்டிக்கு வேண்டிய மின்சாரத்தை மேக்னெட்டோவே தருகிறது, பேட்டரி செத்திருந்தாலும் பொறி வரும். மேலே சொன்ன முள் சோதனையோ தனி ஒயர் சோதனையோ அங்கே கூடாது, சி.டி.ஐ.க்கு நேராகப் பேட்டரி கொடுத்தால் பெட்டி போய்விடும். அங்கே கீ ஸ்விட்ச் அணைப்பது என்பது சி.டி.ஐ.யின் ஓர் ஒயரை எர்த் செய்வது. பொறி இல்லை என்றால் முதல் வேலை, கீ ஸ்விட்சின் கப்ளரைப் பிரித்துவிட்டுக் கிக் அடித்துப் பார்ப்பது. பொறி வந்துவிட்டால் ஸ்விட்சோ அதன் ஒயரோதான் குற்றவாளி.

மறுபடி புல்லட்டுக்கு. எல்லாம் சரிசெய்து வண்டி எடுத்துவிட்டது என்றால் பேட்டரி ஏன் இறங்கியது என்பது பாக்கியிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளங்கள். ஐடிலில் 12.5-ஐ ஒட்டி இருந்தாலும் ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் 13.5-க்கு மேல் ஏறி 14.5-க்குள் நிற்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் ஆல்டர்னேட்டர் ஒயர்கள் பிரைமரி செயின் கேஸிலிருந்து வெளிவரும் ரப்பரைப் பாருங்கள். அங்கே எண்ணெயில் ஊறி இன்சுலேஷன் உரிந்திருக்கும். பிறகு ரெக்டிஃபையர் கனெக்டர், அதன் எர்த். 15-ஐத் தாண்டி ஏறினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். டிஸ்டில்டு வாட்டர் அடிக்கடி ஊற்ற வேண்டியிருப்பதும் இதன் அடையாளம். சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரைப் பிடுங்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். தாங்கிப்பிடிக்கப் பேட்டரி இல்லாத ஆல்டர்னேட்டரின் வோல்ட் தாறுமாறாக எகிறி, பல்புகளையும் ரெகுலேட்டரையும் சேர்த்தே கொண்டுபோய்விடும்.